பற்றரி வாங்கிய படலம்

கம்பனுடைய காவியத்திலே நூற்றுக்கு மேற்பட்ட படலங்கள் உண்டு. எங்கள் வீட்டுக் கதையும் படலங்களுக்குக் குறைந்ததன்று. வீடு கட்டிய படலம், மதில் இடிந்த படலம், குழாயில் நீர் வாராத படலம் என்று என் மனைவி ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வைத்திருக்கிறாள். அவற்றுள் அளவிற் சிறியதும், எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்ததுமானது, மோட்டார் சைக்கிளுக்குப் பற்றரி வாங்கிய படலம். பிறருக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் அதனை இங்கே எழுதத் துணிகிறேன். மாணவர்கள் படித்துச் சிரித்தாலும் குற்றமில்லை.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. நான் கண்டியிலுள்ள கல்லூரி ஒன்றிலே இருபது ஆண்டுகளாக இரசாயனவியல் கற்பித்து வருபவன். ஈய அமிலச் சேமிப்புக் கலம் ஆண்டுதோறும் என் கரும்பலகையில் ஏறும் பாடம். பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859 ஆம் ஆண்டிலே இரண்டு ஈயத் தகடுகளை ஐதான சல்பூரிக் அமிலத்தில் அமிழ்த்தி அதனை ஆக்கிய வரலாற்றை நான் சுவைபடச் சொல்வதாக மாணவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு முனையிலே ஈயம், மறு முனையிலே ஈயவீரொட்சைட்டு. மின்னைக் கொடுக்கும்போது இரண்டும் ஈயசல்பேற்றாக மாறும், அமிலமும் நீர்த்துப்போகும். மீண்டும் மின்னேற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு கலம் ஏறக்குறைய இரண்டு வோல்ட். ஆறு கலங்கள் சேர்ந்தால் பன்னிரண்டு வோல்ட் பற்றரி. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால், அந்தப் பற்றரி ஒன்றைக் கடையிலே பார்த்து வாங்கத் தெரியாதவனாக நான் இருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது என்னைப் போன்றவர்களை எண்ணித்தான் போலும்!

எங்கள் வீடு அம்பிட்டியவில், வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சரிவொன்றின் மேலே இருக்கிறது. அங்கிருந்து கல்லூரிக்கு நாலு மைல்கூட இல்லை. காலையிலே வண்டியை எடுத்தால் பாதி வழி இறக்கம். இறக்கம் முடிந்ததும் கண்டி வாவிக் கரையிலே வாகன நெரிசல். மாலையிலே அதே நெரிசல், பின்னர் ஏற்றம். 2018 ஆம் ஆண்டில் வாங்கிய நூற்றைம்பது சீ.சீ. மோட்டார் சைக்கிள் அது. பொத்தானை அழுத்தினாற் கிளம்பும். காலால் உதைத்துக் கிளப்பும் மிதி அதற்கு இல்லை. வாங்கும்போது அதனை ஒரு பெருமையாகவே கருதினேன்.

2022 ஆம் ஆண்டினை இந்நாட்டிலே மறந்தவர் எவருமிலர். ஆனி, ஆடி மாதங்களிலே பெற்றோல் என்பது கனவாயிற்று. பாடசாலைகள் மூடப்பட்டன. எரிபொருள் நிலையங்களுக்கு முன்னாலே இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றார்கள். பின்னர் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்நாட்களிலே எங்கள் வண்டி தாழ்வாரத்திலே பழைய படுக்கை விரிப்பொன்றைப் போர்த்தியபடி ஏழு வாரம் உறங்கியது. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அது என் முதற் பிழை.

ஓடாத வண்டியின் பற்றரியும் சும்மா இருப்பதில்லை. தன் மின்னைத் தானே சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கும். அவ்வாறு இழக்கும்போது தகட்டிலே படியும் ஈயசல்பேற்று முதலில் மிக நுண்ணிய துகளாக இருக்கும். உடனே மின்னேற்றினாற் கரைந்துவிடும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அத்துகள்கள் ஒன்றுகூடிப் பெரிய, கடினமான பளிங்குகளாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அவற்றுட் பெரும்பகுதி கரையாது. பற்றரி உழைத்துச் சாவதைக் காட்டிலும் வெறுமையாய்க் கிடந்து சாவதே விரைவு. பெற்றோல் கிடைத்த அன்று பொத்தானை அழுத்தினேன். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

புதிய பற்றரி வாங்கப் புறப்பட்டேன். அப்பொழுது எல்லாப் பொருளும் விலையேறியிருந்த காலம். ஆசிரியரின் சம்பளமோ ஏறாத சம்பளம். நகரத்திலே ஒரு கடையில், வழக்கமான விலையிலும் ஆயிரத்தைந்நூறு ரூபா குறைவாக ஒரு பற்றரி இருந்தது. அதன் மேலே பெரிய எழுத்திலே, பழைய பற்றரியிலும் கூடுதலான அம்பியர் மணிக் கணக்கு அச்சிடப்பட்டிருந்தது. விலையுங் குறைவு, வலுவுங் கூடுதல். இதைவிட வேறென்ன வேண்டும்? அது எந்த ஆண்டிற் செய்யப்பட்டதென்று நான் கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. அமிலத்தை ஊற்றினார், கால்மணி நேரத்திலே வண்டியிற் பொருத்தினார். வண்டி கிளம்பியது. நானும் வெற்றி வீரனைப்போல வீடு திரும்பினேன்.

பழைய பற்றரியைத் தெருவழியே பழைய இரும்பு வாங்க வந்த ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கவிழ்த்து, உள்ளிருந்த அமிலத்தை எங்கள் ஒழுங்கையின் கானிலே ஊற்றிவிட்டுச் சாக்கிற் போட்டுக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இரசாயன ஆசிரியன் பார்த்துக்கொண்டே நின்றேன்! அதைப்பற்றிப் பின்னர் சொல்வேன்.

மறுவருடம் ஐப்பசி மாதத்து மழையிரவு ஒன்று. இரண்டு மணி இருக்கும். என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. நெடுநாளைய தொய்வு நோய்க்காரி. குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கும். அன்றிரவு வழக்கத்தைக் காட்டிலும் இழுப்புக் கடுமையாயிற்று. கையிலே பிடித்து உறிஞ்சும் மருந்துக் குப்பியை எடுத்து அழுத்தினாள் என் மனைவி. குப்பி வெறுமை. மாற்றுக் குப்பி வாங்கி வைக்கவேண்டுமென்று அம்மா இரண்டு நாளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியிருந்தேன். தெரிந்த முச்சக்கரவண்டிக்காரர் இருவருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். ஒருவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மற்றவர் குருணாகலுக்குச் சவாரி போயிருந்தார்.

மழையங்கியை மாட்டிக்கொண்டு ஓடி வண்டியின் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’ என்று ஓர் ஓசை. மீண்டும் ‘டக்’. அவ்வளவுதான். வாங்கிப் பதின்மூன்று மாதங்கூட ஆகாத பற்றரி அது. உள்ளேயிருந்து அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்த மூச்சின் ஓசையையும் இந்த ‘டக்’ ஓசையையும் ஒருங்கே கேட்ட நிமிடத்தை நான் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன்.

என் மூத்த மகள் அப்போது உயர்தர வகுப்பு மாணவி. அவள்தான், “அப்பா, இறக்கத்துக்குத் தள்ளுவோம்” என்றாள். திறப்பைத் திருப்பி, இரண்டாம் கியரிலே போட்டு, கிளச்சைப் பிடித்துக்கொண்டு நான் வண்டியில் அமர்ந்தேன். மழையிலே நனைந்தபடி அந்தப் பிள்ளை பின்னாலிருந்து தள்ளினாள். சரிவிலே வண்டி வேகம் பிடித்ததும் கிளச்சை விட்டேன். ஒரு குலுக்கு; நின்றது. மறுபடியும் தள்ளினாள். இரண்டாவது முறை இயந்திரம் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. எங்கள் வீடு சமநிலத்தில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

வளைவுகளிலே வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் முன்விளக்கு மின்மினியைப்போல மங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகே இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக் கடை ஒன்றின் முன்னே நிறுத்தினேன். இயந்திரத்தை அணைத்தால் மீண்டும் கிளம்பாதே என்ற அச்சத்தால், அது ஓடிக்கொண்டிருக்க, ஒரு கண்ணை வண்டியிலும் மறு கண்ணைக் கடைக்காரரிலும் வைத்துக்கொண்டு மருந்தை வாங்கினேன். வீடு வந்து சேர்ந்தபோது அம்மா சுவரிற் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மருந்து உள்ளே சென்று கால்மணியில் மூச்சுச் சீராயிற்று. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று காட்டினோம். தெய்வாதீனமாக ஒன்றும் நேரவில்லை. ஆனால் நேர்ந்திருக்கலாம் அல்லவா?

அந்த வாரமே கட்டுகஸ்தோட்டையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். இரசாயனவியலிலே சித்தியடையாத மாணவர் அவர். அவருடைய பெயரைக் கேட்டால் ஆசிரியர் அறையிலே நாங்கள் பெருமூச்சு விட்ட காலமும் உண்டு. நான், “தம்பி, ஒரு நல்ல பற்றரியாகப் பார்த்துப் போடும்” என்றேன். அவர் பற்றரியைத் தேடிப் போகவில்லை. ஒரு சிறிய மானியை எடுத்து வந்தார்.

“முதலிலே பற்றரிதான் குற்றவாளியா என்று பார்ப்போம், சேர். மின்னேற்றும் பகுதி பழுதென்றால் எத்தனை பற்றரி மாற்றினாலும் சாகும்.”

வேறொரு பற்றரியின் துணையாலே வண்டியைக் கிளப்பி அளந்தார். இயந்திரம் ஓடும்போது பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையிலே வோல்ட் காட்டவேண்டும். எங்கள் வண்டி பதினாலு காட்டியது. ஆகவே மின்னேற்றும் பகுதியிலே குறையில்லை. பற்றரியின் முனைகளிலே வெண்பச்சையாகப் பூத்திருந்த படிவைத் துடைத்துக் காட்டினார். அப்படிவு இருந்தாலும் மின் தடைப்படுமாம். பின்னர் பற்றரியைத் தனியே அளந்தார். முழுதாய் மின்னேறிய பற்றரி, ஓய்ந்திருக்கும்போது பன்னிரண்டரைக்கு மேற் காட்டவேண்டும். என்னுடையது பதினொன்றரைக்கும் கீழே கிடந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பி ஒரு சிறு முத்திரையைக் காட்டினார். நான் வாங்குவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்னே செய்யப்பட்ட பற்றரி அது!

“அமிலம் ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம் மின்னேற்றித் தந்தார்கள், சேர்?”

“மின்னேற்றவில்லையே. கால்மணி நேரத்தில் பூட்டித் தந்தார்கள்.”

அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய பண்பு. உலர்ந்த நிலையில் வரும் பற்றரிக்கு அமிலம் ஊற்றினால், தகடுகள் அதனை நன்றாய் உறிஞ்சும்வரை பொறுத்திருந்து, பிறகு மெல்லிய மின்னோட்டத்தால் முதல் மின்னேற்றம் செய்யவேண்டும் என்று விளக்கினார். கொள்ளளவிலே பத்தில் ஒரு பங்கு அளவே அந்த ஓட்டம் இருக்கலாம். ஒன்பது அம்பியர் மணிப் பற்றரிக்கு ஓர் அம்பியருக்குச் சற்றுக் குறைவு. அவசரப்பட்டு அரைகுறையாய்ப் பூட்டினால் அந்தக் குறை பற்றரியின் ஆயுள் முழுவதும் தொடருமாம். வகுப்பிலே அடிப்படையைச் சொல்லாமல் பரீட்சைக்கு விரட்டிய பிள்ளைகளின் முகங்கள் சில என் நினைவுக்கு வந்தன. அவற்றுள் இவருடைய முகமும் ஒன்று.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எனக்குக் கண்திறந்தது. “ஒரு நாளைக்கு வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது?” சொன்னேன். இறக்கம், நெரிசல், ஏற்றம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்படியென்றால் உங்களுடைய பற்றரிக்குச் செலவுதான் உண்டு, வரவு இல்லை, சேர்.”

ஒருமுறை பொத்தானை அழுத்திக் கிளப்புவதற்குப் பற்றரி கொடுக்கும் மின்னை, இயந்திரம் சில மைல் தூரம் நல்ல வேகத்தில் ஓடித்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். இறக்கத்திலும் நெரிசலிலும் இயந்திரம் மெதுவாகச் சுழல்கிறது. அப்போது உண்டாகும் மின் விளக்குக்கும் ஊதுகுழலுக்குமே சரியாய்ப் போய்விடுகிறது. பற்றரி என்றுமே நிறைவதில்லை. நிறையாத பற்றரியிலே பளிங்கு இறுகுகிறது. நான் இருபது ஆண்டு கற்பித்த பாடம் என் கால்களுக்கிடையிலே நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது, நான் அறியவில்லை.

இனி, எதை வாங்குவது? அவர் சொன்னவற்றை வாசகர்களின் நன்மைக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, வண்டியோடு வந்த கைந்நூலிலே சொல்லப்பட்ட வோல்ட்டும் அம்பியர் மணியும் எவையோ அவையே. மிகக் குறைந்தது கிளப்பத் திணறும். மிகப் பெரியதோ அதற்குரிய பெட்டியில் அமராது. அமர்ந்தாலும் என்னைப்போல் குறுகிய தூரம் ஓடுபவர்களிடத்தில் நிறைவதற்கு நெடுநேரம் எடுக்கும். பெரிய பானை வாங்கினால் அரிசி தானாக வந்துவிடாது. இரண்டாவது, நீள அகல உயரமும், நேர்முனை எந்தப் பக்கம் இருக்கிறதென்பதும். முனை மாறினால் கம்பி எட்டாது. எட்டவைத்து மாற்றிப் பூட்டினால் வண்டியின் மின்னுறுப்புகள் எரிந்துபோகும். மூன்றாவது, செய்த மாதமும் ஆண்டும். பற்றரி ஒருவகையில் மரக்கறி போன்றது, புதிதாய் இருக்கவேண்டும். நாலாவது, திகதியிட்டு முத்திரை குத்திய உத்தரவாத அட்டை.

ஐந்தாவது, எந்த வகை என்பது. மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்றும் பழைய வகை மலிவு. ஆனால் மாதந்தோறும் நீர்மட்டம் பார்க்கும் ஒழுக்கம் வேண்டும். குழாய் நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயிலே உறிஞ்சவைத்து மூடிய வகைக்கு நீர் ஊற்றவேண்டியதில்லை. விலை சற்றுக் கூடுதல். இலிதியம் வகை பஞ்சுபோல் இலேசானது, நெடுநாள் உழைப்பது, விலையோ பன்மடங்கு. அன்றியும், வண்டியின் மின்னேற்றும் பகுதி அதற்கு ஒத்துவரவேண்டும். பந்தயம் ஓடுபவருக்கு எடை பெரிது. பாடம் நடத்தப் போகிறவருக்கு எதற்கு? வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். குளிர் அதன் அப்போதைய வலுவைக் குறைக்கும். கொழும்பின் வெக்கையுமின்றி, ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் குளிருமின்றி இடைநடுவே இருக்கும் கண்டியிலே இந்த இரண்டு கவலையும் குறைவு.

மூடிய வகையிலே, கைந்நூல் சொன்ன அளவிலே, மூன்று மாதத்துக்கு முன்னே செய்யப்பட்ட ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். அன்றே பூட்டித் தரும்படி நான் கேட்டேன். “நாளைக்கு வாருங்கள், சேர்” என்றார். இரவு முழுதும் மின்னேற்றி, அளந்து காட்டிய பிறகே பூட்டினார். கழற்றும்போது கறுப்புக் கம்பி முதலில், பூட்டும்போது கறுப்புக் கம்பி கடைசியில் என்று என் கையாலேயே செய்யவைத்தார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

பழைய பற்றரியை அவர் நிமிர்த்தியபடியே ஒரு பிளாஸ்ரிக் தட்டிலே வைத்தார். அங்கே அதுபோலப் பத்துப் பன்னிரண்டு இருந்தன. பற்றரி விற்பவர்கள் திரும்ப எடுத்துச் சென்று ஈயத்தை உருக்கிப் புதுப் பற்றரி செய்ய அனுப்புவார்களாம். எங்கள் ஒழுங்கையின் கானிலே ஊற்றப்பட்ட அமிலத்தை நான் அவரிடம் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லாமல், பட்டறையின் பின்கதவைத் திறந்து வெளியே காட்டினார். கீழே மகாவலி ஓடிக்கொண்டிருந்தது.

கண்டி நகரை மூன்று புறமும் வளைத்து ஓடுவது மகாவலி. இந்தக் குன்றுகளிலே எந்தக் கானில் எதை ஊற்றினாலும் முடிவிலே அது போய்ச்சேரும் இடம் அந்த ஆறு. நாங்கள் குழாயிலே பிடித்துக் குடிப்பதும் அந்த ஆற்றின் நீரே. பற்றரி அமிலத்திலே கரைந்தும் கலங்கியும் ஈயம் இருக்கும். உலகத்துப் பிள்ளைகளில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ எண்பது கோடிப் பேர், இரத்தத்திலே கவலைக்குரிய அளவு ஈயத்தோடு வாழ்கிறார்கள் என்று 2020 ஆம் ஆண்டில் யுனிசெவ் அறிக்கை ஒன்று சொல்லிற்று. பழைய பற்றரிகளைக் கண்டபடி உடைத்து உருக்குவதை அதற்குரிய பெருங்காரணங்களுள் ஒன்றாக அது எடுத்துக்காட்டியது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. பிள்ளைகளின் அறிவை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் வாய்திறவாமல் நின்றேனே என்னும் எண்ணம் அன்று என்னைச் சுட்டது, இன்றும் சுடுகிறது. ஒரு பொருளை வாங்குவதோடு நம் கடமை முடிவதில்லை. அதனை எங்கே விடுகிறோம் என்பதும் வாங்குதலின் ஒரு பகுதியே.

அந்தப் பற்றரி இன்றளவும் நன்றாக உழைக்கிறது. ஞாயிறு தோறும் பேராதனையைத் தாண்டிக் கம்பளையிலுள்ள சின்னம்மா வீடு வரைக்கும் நல்ல வேகத்தில் ஒருமுறை போய் வருகிறேன். வாரம் முழுவதும் பட்ட கடனை அன்று வண்டி அடைத்துவிடுகிறது. சின்னம்மாவோ, அக்காள் மகனுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிறார். பள்ளி விடுமுறையிலே வண்டி நிற்கவேண்டி வந்தால், கறுப்புக் கம்பியைக் கழற்றி வைக்கிறேன்; நெடுநாளானால் மின்னேற்றி வைக்கிறேன். மருந்துக் குப்பிகள் இரண்டு எப்போதும் அலுமாரியில் இருக்கின்றன. என் வகுப்பிலே இப்போது சேமிப்புக் கலப் பாடம் பழைய பற்றரி ஒன்றோடும் மானி ஒன்றோடும் நடக்கிறது.

அம்மா நலமாக இருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கினால், காலையிலே நான் வண்டியைத் துடைக்கும்போது திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: “தம்பி, பற்றரிக்குச் சுகந்தானே?”

பெற்ற பிள்ளையின் சுகத்தை விசாரிப்பதுபோலவே கேட்பார்கள். பொத்தானை அழுத்தி அதன் மறுமொழியை அவர்களுக்குக் கேட்கச் செய்துவிட்டுத்தான் நான் கல்லூரிக்குப் புறப்படுவது வழக்கம்.